ரஹ்மத் வாசித்த பலகை

"தாத்தாவுக்குக் கேன்சர்னு தாத்தாவுக்குத் தெரியுமா?"

வீட்டில் இவா என்று கூப்பிடும் இவாஞ்சலின் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. சமையலறையில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த அவள் அம்மா பெனிட்டா, மாவுக் கையோடு குழந்தையின் வாயைப் பொத்தினாள். தெரிந்தால் தாத்தா பயந்துவிடுவார், பயந்தால் உடம்பு இன்னும் கெட்டுப்போகும், நல்ல பிள்ளைகள் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று காதோடு சொல்லி அனுப்பினாள். குழந்தை தலையாட்டியது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

தவராஜ் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் மனைவி ஹெலனோடு தனியாக இருந்தார். குரல் கம்மிப்போய் மாதக்கணக்கில் சரியாகாமல் இருக்கவே, மகள் பெனிட்டா அவர்கள் இருவரையும் மதுரைக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினாள். குரல்வளையில் புற்று. டாக்டர் அதைப் பெனிட்டாவிடமும், மஸ்கட்டிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி ஜோயலிடமும் சொன்னார். பெற்றவர்களிடம் சின்னக் கட்டி என்று சொல்லப்பட்டது. கல்நெஞ்சக்காரர்கள் செய்த காரியம் இல்லை அது. அன்பு என்று நினைத்து நம்மில் பலரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

கம்மிய குரலிலும் தவராஜ் ஓயாமல் பேசினார். அதுவும் மனைவியிடம் மட்டும். இங்க ஒரு படி இருக்கு ஹெலன். சட்னி இடப்பக்கம் இருக்கு, வலப்பக்கம் தண்ணி. பெனிட்டா பச்சைச் சுடிதார் போட்டுருக்கா, எடுப்பா இருக்கு. காலையில் செய்தித்தாள், மாலையில் வேதபாகம், எல்லாம் உரக்க வாசிப்பார். பெனிட்டாவுக்குச் சிரிப்பாக இருந்தது.

"என்னப்பா, கிரிக்கெட் கமென்ட்ரியா? தொண்டைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."

"பேசிட்டுப் போகட்டும்ட்டி," என்றாள் ஹெலன். "கேட்டுப் பழகிப்போச்சு."

அந்தக் காலத்தில் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. புற்றுக்கு இரண்டு வழி இருந்தால், நோயாளியே 'மறுகரை' என்ற இணையத் துணையோடு பேசி முடித்த பிறகுதான் சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம். தவராஜுக்கும் இரண்டு வழி இருந்தது. குரல்வளையை அடியோடு எடுத்துவிடுவது ஒன்று. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடவேண்டும், பேச்சு போய்விடும், ஆனால் நோய் திரும்பி வர வாய்ப்புக் குறைவு. மற்றது கதிர்வீச்சும் மருந்தும். குரல் தங்கும், உயிருக்கு உத்தரவாதம் குறைவு.

ஆஸ்பத்திரியில் மறுகரைக்கென்று ஓர் அறை இருந்தது. அங்கே இருந்த ஆலோசகர் சுகந்தி சின்னப் பெண். பொறுமையாக விளக்கினாள்.

"இது டாக்டர் இல்ல மேடம். எது நல்லதுன்னு இதுவாச் சொல்லாது. உங்களுக்கு எது முக்கியம்னு கேட்டுக்கும். அப்புறம் இந்த வழில போனா நீங்க எப்படி இருப்பீங்க, அந்த வழில போனா எப்படி இருப்பீங்கன்னு ரெண்டு பேரக் கூட்டிட்டு வரும். ரெண்டு பேருமே நீங்கதான், சில வருஷம் கழிச்சு. அவங்ககிட்ட நீங்களே பேசிப் பாத்துக்கலாம். கடைசில, நீங்க சொன்னதுக்கு எந்த வழி பொருந்துதுன்னு காட்டும்."

அப்பாவுக்கு விஷயம் தெரியாது என்று பெனிட்டா தயங்கினாள். சுகந்திக்கு அது புதிதாக இல்லை.

"முகத்த மட்டும் காட்டச் சொல்லுங்க. கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லிக்கலாம். மிச்சத்த நீங்க பாத்துக்குங்க. இங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான்."

தவராஜ் வந்து கேமரா முன்னால் சமர்த்தாக உட்கார்ந்து முகத்தைக் காட்டிவிட்டு வெளியே போனார். அந்த நாற்காலியில் பெனிட்டா உட்கார்ந்தாள்.

கேள்விகள் அன்பாகவே கேட்கப்பட்டன. காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்? எதை இழந்தால் உங்களால் தாங்க முடியாது? வலியா, சார்ந்திருப்பதா, எது அதிகம் பயமுறுத்துகிறது? பெனிட்டா அப்பாவாக நின்று பதில் சொன்னாள். பேரப்பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கவேண்டும். செடி வளர்ப்பேன். உயிரோடு இருப்பதே பெரிது. ஒரு கேள்வி மட்டும் அவளுக்கு வேடிக்கையாகத் தோன்றியது. வீட்டில் உங்கள் குரலை நம்பி யாராவது இருக்கிறார்களா? அப்பா பாட்டுக்காரரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. 'இல்லை' என்று சொன்னாள்.

பிறகு திரையில் அப்பா வந்தார். கொஞ்சம் மெலிந்து, கழுத்தில் வெள்ளைத் துணியோடு. அவர் வாய் அசையவில்லை, பதில் எழுத்தாக ஓடியது. நல்லா இருக்கேன். செடிக்குத் தண்ணி விடுறேன். இவாவ ஸ்கூல்ல கொண்டு விடுறேன். பேச முடியவில்லையே என்று வருத்தமில்லையா என்று பெனிட்டா கேட்டாள். உயிரோட இருக்கேன்ல, என்று எழுத்து ஓடியது.

அடுத்து வந்த அப்பா பேசினார். அதே கம்மிய குரல். பெனிட்டாவின் பெயரைச் சொன்னார். அவள் இன்னும் மூன்று வருடம் தள்ளி ஒரு கேள்வி கேட்டபோது திரை சாம்பல் நிறமாகிவிட்டது. கீழே ஒரு வரி வந்தது. இதற்குப் பதில் சொல்ல அவர் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெனிட்டா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதலில் வந்தவரின் வழியே பொருந்தும் என்று காட்டித் திரை சம்மதம் கேட்டபோது, அந்த அப்பாவைத் தொட்டாள்.

தவராஜிடம் கட்டியை எடுக்கிறார்கள், பேச்சு கொஞ்ச நாளைக்கு வராது என்று சொன்னார்கள். அவர் தலையசைத்தார். அறுவைக்குப் போகும்முன் மனைவியின் கையைப் பிடித்து, வெளியே போகும் வழியில் எத்தனை திருப்பம், எங்கே தண்ணீர்க் குழாய், எந்தப் பக்கம் லிப்ட் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அறுவை நன்றாகவே முடிந்தது. அவரை வார்டுக்கு மாற்றிய அன்று பெனிட்டா மருந்து வாங்கக் கீழே நின்றுவிட்டாள். ஒரு நர்ஸ் ஹெலனை வார்டு வாசல்வரை கொண்டுவந்து, அந்தா இருக்காங்க பாருங்க என்று கைகாட்டிவிட்டுப் போனாள். வார்டில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் தவராஜ். மற்றதில் மேலப்பாளையத்து மைதீன் பிச்சை. அவருக்கும் அதே நோய், அவருக்குக் கதிர் வைத்தியம். அவர் கரகரத்த குரலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

பேச்சு கொஞ்சம் மாறி அதற்குள் வந்துவிட்டதென்று நினைத்து, ஹெலன் அந்தக் குரல் வந்த பக்கம் போனாள். மைதீன் பிச்சையின் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, ரொம்ப வலிக்குதாங்க என்று கேட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் தவராஜ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைக் கையால் அடித்தார். மருந்துப் பையோடு உள்ளே நுழைந்த பெனிட்டா அதைப் பார்த்தாள். அம்மா யார் கையைப் பிடித்திருக்கிறாள், அப்பா ஏன் அடிக்கிறார் என்பதை அவள் புரிந்துகொள்வதற்குள், மைதீன் பிச்சையின் மனைவி ரஹ்மத் சிரித்தபடி எழுந்து வந்து ஹெலனின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"என் மச்சான நானே கட்டி மேய்க்க முடியாமக் கெடக்கேன். நீங்க கொத்திட்டுப் போனாலும் போங்கக்கா, எனக்கு நிம்மதி. ஆனா ஒங்க ஆளு பக்கத்துல மொறைக்காக." சொல்லிக்கொண்டே ஹெலனை மெல்ல நடத்திக் கொண்டுபோய், தவராஜின் முகத்தில் அவள் கையை எடுத்து வைத்தாள்.

வெளியே வராந்தாவில் ஹெலன் மகளிடம் சொன்னாள். கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வந்து, போன வருடத்தோடு அநேகமாக முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு எதற்குப் பாரம் என்று இருவரும் பேசிவைத்து மறைத்துவிட்டார்கள்.

"அவங்க குரல் இருந்துச்சுட்டி. அது இருக்கும்போது கண்ணு போனதே எனக்குத் தெரியல." அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "பேச்சு எப்போ திரும்பும்?"

"திரும்பாதும்மா," என்றாள் பெனிட்டா. பிறகு நோயின் பெயரையும் சொன்னாள், மறுகரையைப் பற்றியும் சொன்னாள்.

ஹெலனின் கை சுவரைத் தேடித் தொட்டது. "அவங்களக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவை உள்ளே விட்டு, அப்பாவிடமும் அதையெல்லாம் சொல்லிவிட்டு வந்து பெனிட்டா போனில் மறுகரையைத் திறந்தாள். பழைய பதில்கள் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வேடிக்கையாகத் தோன்றிய அந்த ஒரு பதிலை மட்டும் 'ஆம்' என்று மாற்றினாள். யார் என்று கேட்டது. மனைவி, பார்வை இல்லை, என்றாள். ஒரு கணம்கூட ஆகவில்லை. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் குரலைக் காக்கும் வழியே உங்களுக்குப் பொருந்தும் என்று எழுத்து வந்தது. இயந்திரத்தின்மேல் பழி போட வழியில்லை. கேட்கவேண்டியதை அது கேட்டிருந்தது. கேட்கவேண்டியவரைத்தான் யாரும் அதன்முன் உட்காரவைக்கவில்லை.

தவராஜுக்கு எழுத ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்தார்கள். எழுதியதைப் படித்துச் சொல்லும் போன் ஒன்றைப் பெனிட்டா கொண்டுவந்து வைத்தாள். அது ஓர் இளம்பெண் குரலில், ஹெலன் தண்ணீர் கொடு, என்றது. ஹெலன் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தவராஜ் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"அந்தப் பொட்டப்புள்ள எதுக்கு? நான் வாசிக்கேன்," என்று ரஹ்மத் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அதுமுதல் அவள்தான் வாசித்தாள். தன் கணவருக்குக் கஞ்சி கொடுத்து, அவர் வசவை வாங்கிக்கொண்டு, தொழுதுவிட்டு வந்து, இந்தப் பக்கம் உட்கார்வாள். தவராஜ் எழுதுவார். ரஹ்மத் வாசிப்பாள். ஹெலன் பதில் சொல்வாள். புருஷன் பொண்டாட்டி பேச்சு ஓர் அன்னியப் பெண்ணின் வாய் வழியாக நடந்தது. முதுகு அரிக்காம், சொறிஞ்சு விடுவீகளாம்க்கா. கஞ்சி உப்பில்லையாம். நேத்தைக்கு நீங்க குறட்டை விட்டீகளாம். ஹெலனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

ஒருநாள் பெனிட்டா சத்தமில்லாமல் உள்ளே வந்து கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அங்கிருந்து பலகை நேராகத் தெரிந்தது. அப்பா பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செத்தாலும் குரலோடு செத்திருப்பேன். நீ இருட்டில் நிற்பதைப் பார்க்கவா என்னை வைத்திருக்கிறார்கள்?

ரஹ்மத் பலகையைப் பார்த்தாள். "மாத்திரை போட்டியான்னு கேக்காகக்கா," என்றாள்.

தவராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காதில் ஒரு குறையும் இல்லாதவர் அவர். பலகையைத் துடைத்துவிட்டு, இன்னும் அழுத்தி, அதையே எழுதினார். மார்க்கர் கிறீச்சிட்டது.

"ராத்திரி நல்லாத் தூங்குனியான்னு கேக்காக."

"தூங்குனேங்க," என்றாள் ஹெலன், குரல் வராத அந்தத் திசையைப் பார்த்து. "இவா என் மேல காலப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டா. உங்களத்தான் கேட்டா." அவள் சொல்லிக்கொண்டே போனாள். குழந்தையைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி. தவராஜ் மார்க்கரைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பலகையைத் துடைத்தார். மெதுவாக ஒரே வார்த்தை எழுதினார். சாப்பிட்டியா.

"சாப்பிட்டியான்னு கேக்காக," என்றாள் ரஹ்மத்.

பெனிட்டா அவளை வெளியே கூப்பிட்டுப் போனாள். எதுவும் கேட்பதற்கு முன்பே ரஹ்மத் சொல்லிவிட்டாள்.

"தப்புத்தாம்மா. மொத நாள்லேருந்து அப்படித்தான் எழுதுதாக. அத அப்படியே வாசிச்சா அக்கா எப்படித் தாங்குவாக? நான் படைச்சவன்கிட்டச் சொல்லி அழுதுக்கிடுதேன், அவன் பாத்துக்கிடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் அந்தப் பெட்டி முன்னாடி ஒக்காந்தவதான். எம் மச்சான் மொகத்தக் காட்டிட்டு வெளிய போயிட்டாக. அவுக சத்தம் கேக்காத வீட்ட என்னால நெனச்சுப் பாக்க முடியல. சத்தம் போதும்னு சொல்லிட்டேன். ஒங்களுக்கு உசுரு, எனக்குச் சத்தம். யாரு செஞ்சது சரி, சொல்லு?"



வீட்டுக்கு வந்த பிறகு கழுத்தில் வால்வு வைத்துப் பேசவைக்கப் பார்த்தார்கள். புண் சரியாக ஆறாததால் அது கைகூடவில்லை. ஜோயல் மஸ்கட்டிலிருந்து ஒரு சின்னக் கருவி அனுப்பினான். பழைய பதிவுகளைக் கொடுத்தால், எழுதுவதை அவரவர் குரலிலேயே பேசும். அப்பாவின் குரல் வாட்ஸப் செய்திகளில் மட்டும்தான் கிடைத்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, தவராஜ் எழுதினார். கருவி கணீரென்று, ஹெலன், எப்படி இருக்கிறாய், என்றது.

ஹெலன் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள். பிறகு மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பெனிட்டா வற்புறுத்திக் கேட்டபோதுதான் உண்மை வந்தது.

"இது அவங்க போன்ல கத்துற குரல். கம்பத்துல நிக்கிறவனக் கூப்பிடுற குரல். எங்கிட்டப் பேசுற குரல் வேற. அத யாரும் பதிஞ்சு வைக்கல."

தவராஜ் கருவியை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். பலகையே போதும் என்று எழுதிக்காட்டினார். பெனிட்டா வீட்டில் இருக்கும் நேரங்களில் அவள் வாசித்தாள். மற்ற நேரங்களில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேதபாகம் வாசிக்கும் நேரத்தில் அவர் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வார். ஹெலன் கண்ணை மூடிக் காத்திருப்பாள். பக்கம் திருப்பும் ஓசை மட்டும் கேட்கும். சில நாள் ஹெலன் குளியலறைக்குப் போகும் வழியில் கதவில் முட்டிக்கொள்வாள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். எழுந்து ஓடிப்போவதற்குள் முட்டி முடிந்திருக்கும்.

நோய் அவருக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் டாக்டர் பெனிட்டாவைப் பாராட்டினார். நல்ல முடிவு எடுத்தீங்க என்றார்.

அப்படி ஒரு பரிசோதனைக்குப் போன மதியம், மைதீன் பிச்சை மறுபடியும் மேல்மாடி வார்டில் இருப்பதாகச் சுகந்தி சொன்னாள். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. பெனிட்டா அம்மாவைக் கண் பிரிவுக்குக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. தவராஜ் பலகையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு தனியாக மேலே போனார்.

ரஹ்மத் ரொம்ப இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அக்கா சுகமா, மாத்திரையெல்லாம் போடுதாகளா என்று விசாரித்தாள். அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, மகன் வர இன்னும் நேரமாகும், கொஞ்சம் பார்த்துக்கொள்வீர்களா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டுப் போனாள். எதிர்க் கட்டில் காலியாக இருந்தது.

மைதீன் பிச்சை கண்ணைத் திறந்தார். குரல் இன்னும் இருந்தது. மெலிந்து, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. எதிரில் இருப்பவர் குறுக்கே எதுவும் பேசிவிட முடியாதவர் என்பது தெரிந்ததால்தானோ என்னவோ, அவர் பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல அண்ணாச்சி. அவளா அந்தப் பெட்டில அமுக்கிட்டா. எஞ் சத்தம் வேணுமாம் அவளுக்கு. சத்தத்துக்காக என் உசுரக் குடுத்துட்டா. கடைசி மக கல்யாணத்தப் பாத்திருப்பேன்." மூச்சு வாங்கியது. "அவள நான் பொறுக்க மாட்டேன். சொல்லிருங்க."

தவராஜ் அவர் நெற்றியில் கையை வைத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மைதீன் பிச்சை இன்னும் இரண்டு மூச்சு விட்டார். பிறகு விடவில்லை. தவராஜ் மணியை அழுத்தினார். ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

ரஹ்மத் தொழுகைத் துணியோடு உள்ளே வந்தபோது அறையில் அவர்கள் மூவர் மட்டும்தான். அவள் கத்தவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து கணவரின் கண்களை மூடினாள். வாய்க்குள் ஓதினாள். பிறகு தவராஜின் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா எதாவது சொன்னாகளா அண்ணாச்சி?"

தவராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதையும் சேர்த்து, சொல்லிக்கொடுத்தவர். மார்க்கரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார். உதடுகள் அசைந்தன. பிறகு எழுதினார். எழுதி முடித்ததும் பலகையை இரண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினார்.

ரஹ்மத் அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கவில்லை.

"உன் பேரைச் சொன்னார்," என்று அவள் வாசித்தாள். "ரஹ்மத் என்னை நல்லாப் பாத்துக்கிட்டா என்றார்."

இன்னொரு முறையும் வாசித்தாள், பலகையில் இருந்த ஒரு சொல்லையும் மாற்றாமல், கணவருக்குக் கேட்கிற மாதிரி. பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். தவராஜ் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். வராந்தாவில் டாக்டர் வரும் காலடி கேட்பதற்குள் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.